படகுக்கும் மீட்டர் உண்டு



கடந்த தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் லங்காவியிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்ல மாட்டாமல் என்னிடம் குட்டு வாங்கியவன். இப்போது அங்கே ஒரு மரினாவில் மின் வேலை பார்க்கிறான். மரினா என்றால் சென்னைக் கடற்கரை அல்ல. உல்லாசப் படகுகளை வரிசையாகக் கட்டி வைக்கும் துறை.

"டீச்சர், ஒரு யூனிட் கரண்டுக்கு என்ன விலை என்று நீங்கள்தானே கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தீர்கள்? இங்கே ஒரு வெள்ளைக்காரத் தாத்தா அதே கணக்கைப் போட்டு என்னோடு சண்டை பிடிக்கிறார்" என்றான்.

எனக்கும் கடலுக்கும் உள்ள உறவு, லூமூட்டிலிருந்து பங்கோர் தீவுக்கு ஒருமுறை ஃபெரியில் போனதோடு சரி. அதிலும் வழி முழுக்கத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். கம்போங் ராஜாவில் மஞ்சு மூடிய மலைமேல் இருப்பவளுக்குப் படகின் கரண்டு பில் எதற்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் சொல்லச் சொல்ல, எங்கள் டவுனில் வாடகை அறையில் இருக்கும் ஒரு தாயின் முகம்தான் என் கண் முன்னே வந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் படகைப் பார்ப்போம்.

உலகைச் சுற்றி வரும் பாய்மரப் படகு என்பது ஒரு சின்ன வீடு. குளிர்பெட்டி, விளக்கு, தண்ணீர்ப் பம்பு, பேட்டரி எல்லாம் உண்டு. நடுக்கடலில் சூரியத் தகடும் சிறு டீசல் இயந்திரமும் மின்சாரம் கொடுக்கும். துறைக்கு வந்து கட்டிய பின், மிதக்கும் நடைமேடையில் இடுப்பளவு உயரத்தில் நிற்கும் பெட்டியில் படகின் கம்பியைச் செருகிக்கொள்வார்கள். இதற்குத்தான் கரை மின்சாரம் என்று பெயர். சின்னப் படகுக்கு 16 ஆம்பியர், பெரிய படகுக்கு 32 ஆம்பியர் என்று செருகுவாய்கள் இருக்கும். நம் நாட்டு 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3,680 வாட். அதாவது முழுவதும் இழுத்தால் மணிக்கு 3.68 யூனிட்.

தாத்தாவின் வழக்கு என்ன தெரியுமா? அவர் படகில் ஏர்கண்டிஷன் இல்லை. ஒரு குளிர்பெட்டி, இரண்டு சின்ன விசிறி, அவ்வளவுதான். பக்கத்துப் படகிலோ பகலும் இரவும் இரண்டு ஏர்கண்டிஷன் ஓடுகின்றன. ஆனால் இருவருக்கும் ஒரே நாள் கட்டணம். "நான் எரிக்காத மின்சாரத்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதானே? ஆனால் அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். "உங்கள் நாட்டில் வீடுகளுக்கு யூனிட் 22 காசுக்குக் கொடுத்தார்களாமே, எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" அங்கேதான் பாதி சரி, பாதி தவறு.

2014 முதல் 2025 ஜூன் வரை தீபகற்ப மலேசியாவில் வீடுகளுக்கு முதல் 200 யூனிட் 21.8 காசுதான். ஆனால் மரினா வீடு அல்ல, வியாபாரம். வியாபாரக் கட்டணம் அப்போது முதல் 200 யூனிட்டுக்கு 43.5 காசு, அதற்கு மேல் 50.9 காசாக இருந்தது. ஒரு கிலோவாட் இழுக்கும் ஏர்கண்டிஷன் பத்து மணி நேரம் ஓடினால் பத்து யூனிட். அது அப்போது வீட்டில் 2 வெள்ளி 18 காசு; மரினா அதை வாங்கியதே 5 வெள்ளி 9 காசுக்கு. அதற்கு மேல் கம்பி இருக்கிறது. உப்புத் தண்ணீரின் மேல் ஆடிக்கொண்டே இருக்கும் நடைமேடையில் கம்பி இழுத்து, உப்புக் காற்றில் பச்சை பூக்கும் இணைப்புகளைச் சுரண்டித் துடைத்து, ஒழுக்கு மின்சாரம் கண்டவுடன் அணைக்கும் கருவிகளைச் சோதித்து வைக்க வேண்டும். படகுகள் வராத மாதங்களிலும் அந்தப் பெட்டி அங்கே நின்றுதான் ஆக வேண்டும். விருந்தாளி மூன்று நாள் இருந்துவிட்டுப் பாயை விரித்துப் போய்விடுவார், பெட்டி போகாது.

ஆக, மின்சாரத்தின் விலை வேறு, மின்சாரம் காத்திருப்பதன் விலை வேறு. இந்த இரண்டையும் ஒரே தொகையாகக் குழைத்து நீட்டும்போதுதான் சண்டை வருகிறது.

2025 ஜூலை 1 முதல் நம் வீட்டுப் பில்லிலேயே இதைப் பிரித்துக் காட்டுகிறார்கள், கவனித்தீர்களா? 1,500 யூனிட் வரை எரிப்பவர்களுக்கு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 27.03 காசு, மின் நிலையங்கள் தயாராக நிற்பதற்கு 4.55 காசு, கம்பி வலைக்கு 12.85 காசு. கூட்டினால் 44.43 காசு. இதில் நூற்றுக்கு 39 பங்கு மின்சாரத்துக்கே அல்ல. அது நம்மிடம் வந்து நிற்பதற்கு. பிறகு குறைவாக எரிப்பவர்களுக்குக் கழிவு கொடுத்துப் பில்லை இறக்குகிறார்கள். அந்தக் கழிவு யூனிட் ஏற ஏறத் தேய்ந்து, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போகிறது. இந்தக் கடைசி வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வரும்.

கரை மின்சாரத்தில் பில்லில் எழுதாத ஒரு செலவும் உண்டு என்று என் மாணவன் சொன்னான். கேட்டபோது அறிவியல் பாடம் நடத்துகிற ஆசை எனக்கு வந்துவிட்டது. டார்ச் லைட் பேட்டரியின் வெளிக்கூடு துத்தநாகம். பேட்டரி தீரத் தீர அது அரித்து ஒழுகும், பார்த்திருப்பீர்கள். படகின் அடியிலும் துத்தநாகக் கட்டிகளைத் திருகி வைத்திருப்பார்கள். கடல் நீரில் வெண்கலச் சுழலியும் இரும்புத் தண்டும் அரிக்காமல், அவற்றுக்குப் பதிலாகத் தான் கரைவதே அந்தக் கட்டியின் வேலை. கரைக் கம்பியைச் செருகியதும் அதன் எர்த் கம்பி வழியாக நம் படகும் பக்கத்துப் படகும் உலோகத்தால் ஒன்றாகிவிடுகின்றன. கடல் முழுவதும் ஒரு பெரிய டார்ச் பேட்டரிதான்! பக்கத்துப் படகுக்காரர் தம் கட்டியை மாற்றாமல் விட்டால், நம் கட்டி அவருக்கும் சேர்த்துக் கரையும். மாதக்கணக்கில் இருக்க வேண்டியது வாரக்கணக்கில் தீர்ந்துவிடும். கவனிக்காவிட்டால் அடுத்தது சுழலித் தண்டு. இதைத் தடுக்க ஒரு சின்னக் கருவி உண்டு. வாங்கி மாட்டாதவர்களின் படகை மேலே தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும், கரையில் செருகியதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று.

அமெரிக்கப் படகுகளுக்கு இன்னொரு தலைவலி. அவர்கள் மின்சாரம் 120 வோல்ட், விநாடிக்கு 60 சுழற்சி; நம்முடையது 50. வோல்ட்டை இறக்க டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. சுழற்சியை அது மாற்றாது. ஏர்கண்டிஷன் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடிச் சூடாகும்.

"அப்படியானால் சொந்த இயந்திரத்தையே ஓட்டிக்கொள்ளலாமே?" என்று கேட்டேன். டீசல் இயந்திரம் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் தரும். லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தாலும் யூனிட் 1 வெள்ளி. எண்ணெய் மாற்றுவதும் தேய்மானமும் தனி. மரினாக்காரர் விலை வைக்கும்போது மனத்தில் வைத்திருப்பதும் இந்த 1 வெள்ளியைத்தானாம். அதற்குக் கீழே எங்கே நின்றாலும் விருந்தாளிக்கு லாபம்தான் என்பது அவர் நியாயம்.

எனக்குத் தோட்டத்து இஞ்சின் கொட்டகை ஞாபகம் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது தோட்டத்து இஞ்சின் ஓடும் நேரம்தான் லயத்துக்கு வெளிச்சம். இரவு அது நின்றுவிட்டால் புத்தகத்தை மூட வேண்டியதுதான். அல்லது மண்ணெண்ணெய் விளக்கு. அப்போது யூனிட் என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நாம் இல்லை.

பிரிட்டனில் இதற்கு ஒரு விதி இருக்கிறது. 2003 முதல், தாம் வாங்கிய மின்சாரத்தை இன்னொருவரின் குடியிருப்புத் தேவைக்கு மறுபடி விற்பவர், தாம் கொடுத்த விலைக்கு மேல் யூனிட்டுக்கு வாங்கக் கூடாது. வாடகை வீட்டுக்காரருக்கும் அதே விதி, மரினாக்காரருக்கும் அதே விதி. கம்பியையும் பெட்டியையும் பராமரிக்கும் செலவை வேறு கணக்கில் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலையும் தண்ணீரும் உள்ள ஊர் ஒன்று இதையே பெரிய அளவில் செய்கிறது. அலாஸ்காவில் ஜூனோ என்ற ஊர். வெளியிலிருந்து அங்கே போகச் சாலையே கிடையாது. நம் கேமரன் மலையைப் போலவே ஏரித் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். 2001-இல் அங்கே வந்த பெரிய உல்லாசக் கப்பல்கள் தம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஊர் மின்சாரத்தில் செருகிக்கொள்ளத் தொடங்கின. ஒப்பந்தம் எப்படித் தெரியுமா? மிச்சம் இருந்தால்தான் கப்பலுக்கு. ஏரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் அறுப்பது கப்பலின் இணைப்பை. கப்பல் கட்டும் பணமோ ஊர்க்காரர்களின் கட்டணத்தைக் குறைக்க உதவுகிறது. 2008 ஏப்ரலில் பனிச்சரிவு விழுந்து மின் கோபுரங்கள் சாய்ந்தபோது டீசலுக்கு மாறினார்கள். 11 சென்ட் விலை ஐந்து மடங்குக்கு நெருக்கமாக ஏறியது. ஜனங்கள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து, சில வாரங்களில் ஊரின் மின் செலவையே முப்பது சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டினார்கள்.

நம் மலைத் தண்ணீரும் சும்மா ஓடவில்லை. தெலோம் ஆற்றுத் தண்ணீரைச் சுரங்கத்தில் திருப்பி, பெர்த்தாம் தண்ணீரோடு சேர்த்து, ரிங்லெட் அணையில் தேக்கி, பேராக் பக்கம் ஜோரில் பூமிக்கடியில் உள்ள நிலையத்தில் 1963 முதல் 100 மெகாவாட் எடுக்கிறார்கள். இந்தத் திட்டத்தின் சின்ன நிலையங்களில் ஒன்று கம்போங் ராஜாவிலேயே இருக்கிறது. தண்ணீர் பிறக்கும் ஊர் என்பதற்காக நமக்கு யாரும் விலை குறைப்பதில்லை. (காய்கறித் தோட்டத்துச் செம்மண் அடித்து வந்து அந்த அணையைத் தூர்ப்பது தனிக் கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

இப்போது அந்தத் தாய். டவுனில் நான்கு அறை உள்ள வீட்டில் ஓர் அறையில் மகளோடு இருக்கிறார். மகள் என் வகுப்பு. வீட்டுக்கு ஒரே மீட்டர். வீட்டுக்காரர் பில்லை நான்காகப் பங்கு போடுவார். ஒரு விளக்கு, ஒரு ரைஸ் குக்கர், இவ்வளவுதான் இவர் சொத்து. மற்ற அறைகளில் சுடுநீர் ஹீட்டர் உண்டு, ஐஸ் பெட்டி உண்டு. ஆனாலும் மாதம் ஐம்பது வெள்ளிக்கு மேல் இவர் பங்கு. ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும் தொகை. அதற்குப் பயந்து இரவு எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவாராம். வீட்டுப்பாடம் ஏன் பாதியில் நிற்கிறது என்று பல நாள் அந்தப் பிள்ளையை நான் கோபித்திருக்கிறேன். காரணம் தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்காரர் ஏமாற்றுக்காரர் அல்ல. பில்லைக் காட்டித்தான் வாங்குகிறார். தவறு அந்த ஒற்றை மீட்டரில் இருக்கிறது. பழைய கட்டணத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு குடும்பமும் ஆளுக்கு 150 யூனிட் எரித்து, தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 32 வெள்ளி 70 காசு. ஒரே மீட்டரில் அதுவே 600 யூனிட். முதல் 200-க்கு 21.8, அடுத்த 100-க்கு 33.4, மீதி 300-க்கு 51.6 காசு. மொத்தம் 231 வெள்ளி 80 காசு, தலைக்கு 57 வெள்ளி 95 காசு. யாரும் ஒரு காசு திருடாமலே ஏழை தலைக்கு 25 வெள்ளி கூடுதல்! புதிய கட்டணத்திலும் அப்படித்தான். நான்கு சின்னக் குடும்பங்களுக்கும் தனித்தனியே கிடைக்க வேண்டிய கழிவு, ஒரே மீட்டரில் சேரும்போது தேய்கிறது. ஆயிரம் யூனிட்டைத் தாண்டிய வீட்டில் அறவே இல்லை.

ஒரு சனிக்கிழமை நான் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு அந்த வீட்டுக்காரரிடம் போனேன். "ஏன் டீச்சர், உங்களுக்கு இது எதற்கு?" என்றார். லங்காவித் தாத்தாவின் கதையைச் சொன்னேன். சிரித்தார். தனித்தனி இணைப்புக்கு வீட்டில் கம்பி முழுவதும் மாற்ற வேண்டும், அது பெரிய செலவு, இப்போது முடியாது என்றார். உண்மைதான். ஆனால் அறைக்கு அறை உள்மீட்டர் வைக்கச் சம்மதித்தார். கழிவு இழப்பு அப்படியே இருக்கும். பங்காவது எரித்ததற்குத் தக்கபடி பிரியும் அல்லவா?

மரினாவிலும் பெட்டிகளில் மீட்டர் பொருத்தப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அதற்குள் தாத்தாவும் பாட்டியும் புக்கெட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்கள். போகும்போது என் மாணவனுக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்துவிட்டு, கட்டணத்தைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தாராம்.

டவுன் வீட்டில் உள்மீட்டர் வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. சென்ற வாரம் அந்தப் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள்: 41 யூனிட். கீழே பெருக்கல் கணக்கும் போட்டிருந்தாள். தசமப் புள்ளியை மட்டும் இடம் மாற்றி வைத்துவிட்டாள், திருத்திக் கொடுத்தேன்.