பூ மட்டும் போதாது! மன்னர் பட்டாம்பூச்சியைக் காப்பாற்றும் பால் செடி

ஒரு கிராம் எடை கூட இல்லாத பட்டாம்பூச்சி, 3 ஆயிரம் மைல் வரை பறக்கிறது!

அதன் பெயர் "மோனார்க்". அதாவது, மன்னர். ஆரஞ்சு நிறச் சிறகில் கறுப்புக் கோடுகள். குளிர் வருமுன் கனடா, அமெரிக்காவில் இருந்து புறப்பட்டு, மெக்சிகோ மலைக்காடுகளுக்குப் போகிறது. அங்கே மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கியபடி குளிர் காலத்தைக் கழிக்கிறது.

அந்த மன்னருக்கு இப்போது ஆபத்து வந்து இருக்கிறது.

காட்டில் இவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எத்தனை ஏக்கர் காட்டில் தங்கி இருக்கின்றன என்று அளக்கிறார்கள். 1996-97 குளிர் காலத்தில் 45 ஏக்கர். 2013-14ல் 2 ஏக்கர் கூட இல்லை! 2024-25ல் 4 ஏக்கரைச் சற்றே தாண்டியது.

காரணம் என்ன?

மன்னரின் புழு தின்பது ஒரே இனச் செடியைத்தான். அது "மில்க்வீட்" என்னும் பால் செடி. நம் ஊர் எருக்குக்கு உறவு. கிள்ளினால் பால் வடியும். பாலில் விஷம் உண்டு. அந்த விஷம் புழுவின் உடம்பில் சேருவதால், பறவைகள் அதைத் தின்னத் தயங்கும்.

முன்பு மக்காச்சோளம், சோயா வயல்களில் இச்செடி தானாக முளைத்தது. 1990-ம் ஆண்டுகளில், களைக்கொல்லி மருந்துக்குச் சாகாத பயிர்கள் வந்தன. வயல் முழுவதும் மருந்து தெளித்தார்கள். பயிர் பிழைத்தது, பால் செடி அழிந்தது. மெக்சிகோவில் மரங்கள் வெட்டப்பட்டதும் ஒரு காரணம்.

வீட்டுத் தோட்டத்தில்...

வயலில் அழிந்த செடியை, அமெரிக்க மக்கள் வீட்டிலும் பள்ளியிலும் நட்டு வருகிறார்கள்.

பூச்செடி மட்டும் வைத்தால் போதாது. பூவில் உள்ள தேன் தாய்க்கு. பால் செடியின் இலை பிள்ளைக்கு! இரண்டும் வேண்டும். பூச்சி மருந்து கூடவே கூடாது. இலையில் ஓட்டை விழுந்தால், புழு சாப்பிடுகிறது என்று மகிழ வேண்டும்.

இதிலும் ஒரு தவறு நடக்கிறது. கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெளியூர்ப் பால் செடி கிடைக்கிறது. புளோரிடா, டெக்சாஸ் போன்ற வெப்பமான இடங்களில் அது குளிர் காலத்திலும் காய்வது இல்லை. அதனால் இலைகளில் நோய்க் கிருமி பெருகுகிறது. அதைத் தின்ற புழு, சிறகு ஊனமான பட்டாம்பூச்சியாக வெளிவருவது உண்டு. எனவே, அந்தந்த ஊர்ச் செடியையே நடும்படி நிபுணர்கள் சொல்லுகிறார்கள்.

2024 டிசம்பரில், மன்னரைச் சட்டப்படி பாதுகாக்க அமெரிக்க அரசு யோசனை வெளியிட்டது. சட்டம் வருவதற்கு நாள் ஆகும். செடி நடுவதற்கு ஒரு நாள் போதும்!