பூசி மெழுகும் கலை

தங்கையின் கணவருக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிற்று. சொத்துத் தகராறு என்று எண்ண வேண்டாம். தகராறு ஓர் ஓட்டைப் படகைப் பற்றியது.

அவர்கள் இருப்பது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 என்று கணக்கு வைத்திருக்கும் சீமை அது. நம் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்பது போல அங்கே அலுமினியப் படகு நிற்கும். தங்கை வீட்டுப் படகு 14 அடி. தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த பழைய படகு. 2023ஆம் வருஷக் கோடையில் அதில் நானும் தங்கையின் மகனும் தூண்டிலோடு போனோம். கரை சிறு கோடாகத் தெரிகிற தூரத்தில் பையன், "மாமா, கால் நனையுது" என்றான். குனிந்து பார்த்தால் கணுக்கால் வரை தண்ணீர்! டப்பாவால் இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம். அவனுக்கு அது விளையாட்டு. நீச்சல் தெரியாத எனக்கு?

மாப்பிள்ளை பதறவில்லை. "அது எப்பவும் கொஞ்சம் கசியும், மச்சான். போன வருஷம்கூடப் பூசினேனே!" என்றார். பூசியிருந்தது உண்மைதான். வருஷத்துக்கு ஒன்றாக நாலு தினுசுப் பசை, சுவரில் சாணி அப்பியது போல. ஓட்டை எங்கே என்று யாரும் பார்த்ததில்லை. ஈரம் தெரிந்த இடத்திலெல்லாம் ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

இந்தப் பூசி மெழுகும் கூட்டத்தின் மேல்தான் எனக்குக் கோபம். பூசுவது வேலை செய்யாமல் போவது மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். பின்னால் ஒருவன் ஒழுங்காக வேலை செய்ய வருவானே, அவன் வழியையும் அல்லவா அது அடைத்துவிடுகிறது? ஸிலிகோன் பசை ஒரு தடவை பட்ட இடத்தில் வேறு பசையோ பெயிண்டோ லேசில் ஒட்டாது. சுரண்டிச் சுரண்டி விரல் தேய வேண்டியதுதான்.

மற்றொரு கூட்டம், தீ வைப்பவர்கள். "வெல்டிங் வைத்தால் தீர்ந்தது!" என்பார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்ஸைடு தோலோ 2000 டிகிரிக்கு மேலே போனால்தான் உருகும். போதாக்குறைக்கு, இரும்பைப் போல் சிவந்து எச்சரிக்கை கொடுக்கிற குணமும் இந்த உலோகத்துக்குக் கிடையாது. கத்துக்குட்டி கையில் டார்ச்சைக் கொடுத்தால் கீறல் இருந்த இடத்தில் ஜன்னல் வைத்துவிடுவான். சூட்டில் பக்கத்து ரிவெட்டுகளும் தளரும்.

மூன்றாவது பேர்வழி ஒரு கடைக்காரர். படகைப் பார்க்காமலே, "புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பிழைப்பு அது. கேட்டுக்கொண்டு தலையாட்டிய மாப்பிள்ளையைத்தான் சொல்ல வேண்டும்.

சிறு வயதில் எங்கள் தெருவுக்குக் குடத்துக்குப் பற்று வைக்கிறவர் வருவார். நெருப்பு மூட்டுமுன் குடத்தை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிக் கூலி கொடுக்கலாம்.

அதே பார்வையை அங்கே பக்கத்து வீட்டுக் கிழவரிடம் கண்டேன். விமானத் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விமானத்துக்கும் படகுக்கும் உறவு உண்டு. யுத்தம் முடிந்த 1945இல் கிரம்மன் என்ற போர் விமானக் கம்பெனியே அலுமினியத் தோணி செய்து விற்க ஆரம்பித்தது. கிழவர் படகை மரத்தாங்கிகள் மேல் நன்றாக முட்டுக்கொடுத்து வைக்கச் சொன்னார். உள்ளே நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டார். தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வருவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். உள்ளிருந்து வெளியே சொட்டுவதைக் குழந்தையும் காட்டிவிடும். பையன் அடியில் படுத்து, சொட்டிய இடமெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டான். ஏழு ரிவெட், பின்பக்கம், மோட்டார் மாட்டும் மூலையில் ஒரு கீறல்.

கீறலைக் கண்டதும் கிழவர் முகம் மாறிற்று. மோட்டாரின் அதிர்ச்சியில் தினமும் வளைந்து நிமிர்ந்த தகடு களைத்துப் போயிருக்கிறது. எஃகுக்காவது ஓர் அளவுக்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் தாங்கும் குணம் உண்டு. அலுமினியத்துக்கு அப்படி ஒரு நிச்சயமான எல்லை கிடையாது. 1954இல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் உடைந்து கடலில் விழுந்தன. உலோகக் களைப்புதான் காரணம் என்பதை ஒரு விமானத்தின் உடலையே தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அழுத்தம் ஏற்றி இறக்கித்தான் கண்டுபிடித்தார்கள். இத்தகைய சமாசாரத்தின் மேல் பசையைத் தடவிவிட்டுப் பிள்ளையை ஏற்றி அனுப்புவதா?

கீறலின் இரு நுனியிலும் சிறு துளை போட்டார். கூரிய நுனி வட்டமானால், அதற்கு மேல் ஓடும் வேகம் அடங்கும். மேலே அலுமினியத் தகடு ஒன்றை ரிவெட்டால் இறுக்கினார். செம்பும் இரும்பும் தொடவே கூடாதாம். ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். பசையும் வைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் வைத்தார், மேலே அல்ல. தளர்ந்த ரிவெட்டுகளுக்கு ஒரு பக்கம் கனத்த இரும்பை நான் அழுத்திப் பிடிக்க, மறுபக்கம் அவர் சுத்தியலால் தட்டினார். நாலு இறுகின. மூன்றைத் துளைத்து எடுத்துப் புதிது போட்டோம்.

மறுநாள் தண்ணீர் விட்டுப் பார்த்தபோது மாப்பிள்ளையும் வந்து குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"எதற்கும் மேலே லேசா ஒரு கோட்டிங் கொடுத்துடலாமா, மச்சான்?"