தலையெழுத்தும் தாளெழுத்தும்



ஆறுமுகநேரி உப்பளத்தைக் கண்டிருப்பீர்கள். காலடியில் உப்பு, தலைக்கு மேலே நெருப்பு! அங்கே உப்பு வாரும் பெண், மாதவிடாய் வலி வந்தாலும் அன்றைய கூலியை இழக்க இயலாமல், கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் பாத்தியில் இறங்குகிறாள். சில வாரங்களில் காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு. "அம்மை" என்கிறாள் அண்டை வீட்டுக்காரி. "உப்பளச் சூடு" என்கிறான் கணவன். "தலையெழுத்து" என்கிறார் பூசாரி. மாத்திரையை மட்டும் எவரும் ஐயுறவில்லை!

ஐயுற்றிருக்க வேண்டும். மெஃப்டால் என்ற பெயரில் நாமறிந்த வலி மாத்திரையில் இருப்பது மெஃபனமிக் அமிலம். அது அரிதாகச் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் தந்து, உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடும் ஒவ்வாமையை விளைவிக்கலாம் என்று 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது இந்திய மருந்தியல் ஆணையம். அவ்வொவ்வாமை தலைகாட்ட இரண்டு முதல் எட்டு வாரங்கள் ஆகுமாம்!

எட்டு வாரம்! அதற்குள் கடைக்காரரை அவள் மறந்திருப்பாள். அவளைக் கடைக்காரர் மறந்திருப்பார். மாத்திரை ஓரிடம், காய்ச்சல் வேறிடம். இரண்டையும் இணைப்பது யார்? இங்கேதான் கணினி வருகிறது. இலட்சக்கணக்கான நோயாளர் ஏடுகளைப் புரட்டி, மருந்து உண்டவரிடம் இந்நோய் எத்தனை, உண்ணாதவரிடம் எத்தனை என்று ஒப்பிட்டு, மிகுதி கண்டால் மணியடிக்கிறது. தீர்ப்புக் கூறுவது அதன் வேலையன்று. அது மருத்துவ அறிஞரின் கடமை.

அமெரிக்காவில் 1999இல் வந்தது வயாக்ஸ் எனும் வலி மாத்திரை. கைசர் மருத்துவ அமைப்பைச் சேர்ந்த 14 இலட்சம் பேரின் ஏடுகளை ஆராய்ந்தோர், அது மாரடைப்பு அபாயத்தை உயர்த்துவதை 2004இல் காட்டினர். அவ்வாண்டு செப்டம்பரில், தன் சொந்தச் சோதனையும் அதையே கூற, மெர்க் நிறுவனம் அம்மாத்திரையைத் திரும்பப் பெற்றது.

அவர்கள் ஏட்டில் இருந்தார்கள்; எண்ணப்பட்டார்கள். நம் உப்பளப் பெண் எந்த ஏட்டில் இருக்கிறாள்? சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரை, எவரும் எழுதாத காய்ச்சல். கணினி எதைப் புரட்டும்? ஏட்டை வெறுமையாக விட்டுக் கணினியை வாங்குவது, கிணறு வெட்டாமல் ஏற்றம் கட்டுவதன்றோ!

"ஏழைக்கு மாத்திரை கிடைப்பதே பெரிது, ஏடு வேறா?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. ஏடில்லாதவன் துன்பத்துக்குச் சாட்சியில்லை. சாட்சியில்லாத வழக்கில் தப்புவது யார்? விற்று இலாபம் கண்டவரன்றோ!

2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுசென்ற மாநிலம் இது. வாசலில் நிற்பவர் "சென்ற மாத்திரை உமக்கு என்ன செய்தது?" என்றும் கேட்கட்டும், எழுதட்டும். பெயரை மறைத்து அவ்வேடுகளைக் கணினி ஆராயட்டும். அரசிடம் நம் கோரிக்கை இதுவே.

அதுவரை நாம் வாளாவிருப்பதா? மருந்தால் வந்த தீங்கை நோயாளியே தெரிவிக்கக் கட்டணமில்லாத் தொலைபேசி உண்டு: 1800-180-3024. கிளைதோறும் இவ்வெண்ணை எழுதி வையுங்கள். உப்பளத்தில் சொல்லுங்கள், மீனவர் குடியிருப்பில் சொல்லுங்கள். தலையெழுத்து என்று அழுத கூட்டம், தாளில் எழுதக் கற்கட்டும்!