காய்கள் அல்லர், மக்கள்!

திரைமுன் அமர்ந்து விரல்நோக ஆடும் விளையாட்டைப் பற்றி நம் இதழில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர் சிலர் இருப்பர். மொழியும் இனமும் நாடும் பற்றி எழுத வேண்டிய பக்கங்களில் பொழுதுபோக்குக்கு இடமேது என்பது அவர்தம் வினா. வினா நேரியதே. ஆயினும், ஓர் இனத்தின் விடுதலையைப் பேசுகின்றவன் எதுவரை செல்லலாம், எதனைச் செய்யலாகாது என்னும் வினாவை நம் மேடைகளினும் கூர்மையாக ஒரு விளையாட்டு இளைஞர்முன் வைக்குமாயின், அதனை எள்ளி ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. அத்தகைய விளையாட்டொன்று உண்டு. நம் இளைஞர் பலர் ஆடும் வகையைச் சார்ந்ததே அது. அதனைத் தமிழர் அறிய வேண்டும். அறிந்து எண்ண வேண்டும்.

1995-ஆம் ஆண்டு அக்குதோபர்த் திங்களில் சப்பானில் வெளிவந்த அவ்விளையாட்டின் பெயர் 'தாக்டிக்சு ஓகர்'. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் 'சூப்பர் பாமிகாம்' என்னும் கருவிக்காகக் 'குவெசுட்டு' என்னும் நிறுவனத்தார் அதனை ஆக்கினர். எழுதி இயக்கியவர் 1965-இல் பிறந்த யசுமி மட்சுனோ என்பார். ஆங்கிலத்தில் அது வெளிவந்தது மூன்றாண்டு கழித்து, 1998-இல். 2010-இல் ஒருமுறையும் 2022-இல் மறுமுறையும் அதனைப் புதுக்கி வெளியிட்டனர். தோன்றி ஒரு தலைமுறைக்காலம் கடந்தும் அது ஆடப்பெறுகின்றது என்பதிலிருந்தே, அதன் உள்ளீடு வெற்று வேடிக்கை அன்று என்பது பெறப்படும்.

ஆட்டமுறையைச் சுருங்கச் சொல்வோம். மேடும் பள்ளமுமாகக் கட்டங்கள் பகுக்கப்பட்ட களத்தில் நம் மறவர் ஒருபுறமும் பகைவர் மறுபுறமும் நிற்பர். சதுரங்கத்தில் போல, ஒருவன் ஒரு காயை நகர்த்தியபின் மற்றவன் ஒரு காயை நகர்த்துவதன்று முறை. ஒவ்வொரு மறவனுக்கும் அவனவன் விரைவுக்கேற்ப முறை வரும். மேட்டில் நிற்கும் வில்லாளனின் அம்பு நெடுந்தொலைவு செல்லும். முதுகுப்புறம் தாக்கப்பட்டவன் எளிதில் வீழ்வான். வாளர், வில்லர், மருத்துவர், மந்திரம் வல்லார் எனப் பயிற்றுவித்துப் படையை நாமே உருவாக்க வேண்டும். ஒவ்வொரு மறவனுக்கும் பெயருண்டு, இனமுண்டு. வீழ்ந்தவனை மீட்காது விட்டுவிடின் அவன் மீளாமலே போய்விடுவதும் உண்டு. இதனால், வெல்லும் வேட்கையோடு ஆடத் தொடங்கியவனும் சிறிது பொழுதில் தன் மக்களைக் காக்கும் கவலைக்கு ஆட்பட்டுவிடுகின்றான்.

இனிக் கதையைப் பார்ப்போம். வலேரியா என்னும் புனைவுத் தீவுநாட்டில் மூன்று இனத்தார் வாழ்கின்றனர். பெரும்பான்மையர் கால்கசுதானர். ஆளும் மேற்குடியினராய் விளங்கியவர் பாக்கிராமர். எண்ணிக்கையிற் குறைந்தவரும் ஒடுக்கப்பட்டவரும் வாலிசுதர். மூவரையும் ஒருகுடைக்கீழ் வைத்து ஆண்ட தோர்கலுவா என்னும் மன்னன் மறைந்தபின் நாடு பிளவுண்டது. வடபுலத்தைப் பாக்கிராமர், இலோதிசு என்னும் அயற் பேரரசின் படைத்துணையோடு கைப்பற்றினர். தென்புலம் கால்கசுதானர் கைப்பட்டது. வாலிசுதர்க்கு எஞ்சியவை ஒடுக்குமுறையும் இரோன்வே என்னும் தலைவன் ஒருவனுமே.

வாலிசுத இளைஞன் தேனம் என்பானே நாம் ஏற்று ஆடும் தலைமகன். அவனுடைய ஊரை இலோதிசுப் படை எரித்தது, தந்தையைக் கொண்டுசென்றது. தமக்கை கச்சுவாவும் தோழன் வைசுவும் அவனுக்குத் துணை. மூவரும் தம் இனத்தலைவனைச் சிறைமீட்டு, அவன் கொடிக்கீழ்ப் போராடுகின்றனர். இதுவரை ஆடுகின்றவன் உள்ளத்தில் ஐயமே எழாது. ஒடுக்கப்பட்ட இனம், கொடிய பகைவர், நேர்மையான போர். யாவும் தெளிவாகவே உள்ளன.

அதன்பின் வருவது பல்மமூசா. கால்கசுதானர் வாலிசுத மக்களை அடைத்துவைத்து, கட்டாய உழைப்பில் வருத்தும் ஊர் அது. அங்குள்ள மக்களைக் கிளர்ந்தெழச் செய்ய வேண்டும் என்று தேனத்தை அனுப்புகின்றான் தலைவன். சென்று பார்த்தால், அம்மக்கள் போரால் நைந்து போயுள்ளனர். இனியும் குருதி சிந்த அவர்க்கு விருப்பமில்லை. அடிமையாயினும் உயிரோடு இருந்தாற் போதும் என்கின்றனர். அப்பொழுதுதான் தலைவனின் மறை ஆணை வெளிப்படுகின்றது. எழாவிடின் ஊரார் அனைவரையும் கொன்றுவிட வேண்டும். கொன்ற பழியைக் கால்கசுதானர்மேல் ஏற்ற வேண்டும். அதைக் கேட்டுக் கொதிக்கும் வாலிசுதர் அனைவரும் ஒன்றுபட்டு எழுவர். நடுநிலை நின்றோரும் நம் பக்கம் சாய்வர்.

அவ்விடத்தில் விளையாட்டு நின்றுவிடுகின்றது. திரையில் இரண்டு விடைகள். உடன்படுகிறேன் என்பது ஒன்று. உடன்படேன் என்பது மற்றொன்று. ஆடுகின்றவன் தன் விரலால் ஒன்றைத் தொட்டாக வேண்டும். நூலிற் படிப்பவன் கொடுமையைக் கண்டு கண்ணீர் உகுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டலாம். இங்கு அத்தகைய ஒதுங்கல் இல்லை. செய்வதும் செய்யாது விடுவதும் அவன் பொறுப்பே.

உடன்பட்டால், தோழன் வைசு வெகுண்டு பிரிந்து பகைவனாகின்றான். தேனம் போர்மறவன் என்று போற்றப்படுகின்றான். மறுத்தால், வைசு ஆணைக்கு உடன்படுகின்றான். அறத்தின் பக்கம் நின்ற தேனமோ, அப்படுகொலையைச் செய்தவனே இவன்தான் என்று பழிசுமத்தப்பட்டு வேட்டையாடப்படுகின்றான். எதனைத் தேர்ந்தாலும் பல்மமூசா மக்கள் சாகின்றனர். அறஞ்செய்தவனுக்கு மாலையும் கொடியவனுக்கு ஒறுப்பும் என்னும் சிறுபிள்ளைக் கணக்கு இங்கில்லை. நேர்மையாளன் இரண்டகன் எனப்படுகின்றான். இரண்டகம் செய்தவன் இனக்காவலன் எனப்படுகின்றான். உலக வரலாற்றை ஒருமுறையேனும் கண்திறந்து பார்த்தவர் இதனை மறுக்க மாட்டார்.

பெருநன்மைக்காகச் சிறுதீமை செய்தலாகாதா என்று கேட்போர் உளர். ஓர் ஊர் அழிந்து ஓர் இனம் எழுமாயின் அது ஈகமன்றோ என்றும் கேட்பர். ஆழ எண்ணுக. ஈகம் என்பது தன்னுயிரைத் தானே முன்வந்து ஈதல். பிறர் உயிரை அவர் அறியாமற் பறித்துவிட்டு, அதற்கு ஈகம் என்று பெயரிடுவது சொல்லையும் கொல்வதாகும். எவருக்காக விடுதலையோ அவரையே கொன்றபின் அவ்விடுதலை எவருக்கு? மேலும், பொய்யின்மேல் எழுப்பிய ஒற்றுமையைக் காத்து நிற்பதற்கு, உண்மை அறிந்த ஒவ்வொருவனையும் அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதற்கொலை பகைவனைக் காட்டி நடைபெறும். இரண்டாவது கொலை தோழனைத் தேடி வரும். வைசுவும் தேனமும் எதிரெதிர் நிற்க நேர்ந்தது அதனாலேயே.

திருக்குறளின் அடைவை நோக்குக. வினைத்தூய்மை 66-ஆம் அதிகாரம். வினைத்திட்பம் 67-ஆம் அதிகாரம். தூய்மை முன்னும் திட்பம் பின்னுமாக நிற்கின்றன. செயலின் உறுதிக்கு முன் செயலின் தூய்மை வேண்டும் என்பதை அவ்வைப்புமுறையே நமக்கு உணர்த்துகின்றது. இரோன்வே என்னும் அத்தலைவனிடம் திட்பம் இருந்தது, தூய்மை இல்லை. மக்களைக் களத்துக் காய்களாக எண்ணினான். காயை இழந்து ஆட்டத்தை வெல்லலாம். மக்களை இழந்து நாட்டை வெல்ல இயலாது.

தலைமைக்குக் கட்டுப்படுதல் இயக்கத்தின் உயிர்நாடி என்பதில் நமக்கு ஐயமில்லை. கட்டுப்பாடற்ற கூட்டம் எதனையும் சாதித்ததில்லை. ஆனால், தலைமைக்கு மேல் ஒன்று உண்டு, அது மக்கள். கொள்கைக்கு அடிப்படை ஒன்று உண்டு, அது அறம். இவ்விரண்டையும் மறந்த கட்டுப்பாடு அடிமைத்தனமே. தலைவன் சொன்னான், செய்தேன் என்பது எந்த மன்றத்திலும் விடையாகாது. தன் நெஞ்சம் என்னும் மன்றத்தில் அறவே ஆகாது.

இன்னொன்றும் நம்மவர் கருதத்தக்கது. கதை வளர வளர, தேனம் பிறப்பால் வாலிசுதன் அல்லன், பாக்கிராமன் என்பது தெரியவருகின்றது. தமக்கை என்று உடன்வளர்ந்த கச்சுவாவோ மறைந்த மன்னன் தோர்கலுவாவின் மகள். எந்த இனத்துக்காக அவன் வாளெடுத்தானோ அந்த இனத்தின் குருதி அவன் உடலில் இல்லை. அதனால் அவன் பட்டபாடு பொய்யாகிவிடுமா? ஆகாது. ஒரு மக்களின் துயரைத் தன் துயராக ஏற்று அவரோடு நின்றவன் அவருள் ஒருவனே. அதே இனத்திற் பிறந்து அம்மக்களைக் கொல்ல ஆணையிட்ட தலைவனே அயலான். குருதியை ஆய்ந்து இனத்தை அளப்போர் இதனை நெஞ்சில் நிறுத்துக. மொழியாலும் வாழ்வாலும் உணர்வாலும் ஒன்றுபடுவதே இனம்.

இது வெறும் புனைவு என்று தள்ளுவதற்கில்லை. இவ்விளையாட்டு ஆக்கப்பட்ட நாள்களில், 1991-இல் தொடங்கிய யூகோசுலாவியப் போர்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரே நாட்டில் பல்லாண்டு அடுத்தடுத்து வாழ்ந்தவர் ஒருவரையொருவர் கொன்றனர். இது வெளிவருவதற்கு மூன்று திங்கள் முன்னர், 1995 சூலையில், பொசுனியாவின் சிரெபெரெனிகாவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொசுனிய முசுலிம் ஆடவரும் சிறுவரும் கொன்றொழிக்கப்பட்டனர். வலேரியாவின் மூவினப் போரை ஆடுகின்றவன், அக்காலத்து உலகின் நிழல் அதன்மேல் படிந்திருப்பதை எளிதில் உணர்வான்.

குறையும் உண்டு, அதனையும் சொல்லுதல் கடன். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பில், களத்தில் ஐம்பது முறைகள் வரை பின்னோக்கிச் சென்று பிழையைத் திருத்திக்கொள்ள ஒரு சீட்டைத் தந்துள்ளனர். ஒருமுறை முடித்தவன், வழி பிரிந்த இடத்துக்கே திரும்பிச் சென்று மாற்று விடையைத் தேரவும் இயலும். ஆட்டத்தைக் கற்போர்க்கு அது நல்ல ஏந்துதான். ஆனால், செய்ததை அழித்துவிடலாம் என்னும் எண்ணம் அதனால் வேரூன்றுமாயின் அது தீங்கு. நாட்டு வாழ்வில் அத்தகைய சீட்டு எவர் கையிலும் இல்லை. சிந்திய குருதி சிந்தியதே.

இறுதியாக மொழி. இவ்விளையாட்டின் பின்பெயர், ஒருவரையொருவர் பற்றிக்கொள்வோம் என்னும் பொருள்பட அமைந்தது. அது 'குவீன்' என்னும் ஆங்கிலப் பாடற்குழுவினர் 1976-இல் வெளியிட்ட பாடலொன்றின் பெயரிலிருந்து எடுக்கப்பட்டது. அப்பாடலில் அக்குழுவினர் சப்பானிய மொழியிலும் பாடியிருந்தனர். தன் மொழியில் பாடவும் எழுதவும் ஆடவும் உறுதியாக நின்ற ஒரு மக்களை, அயலாரும் அவர் மொழியாலேயே அணுகினர் என்க. மட்சுனோ தம் கதையை முதலில் ஆங்கிலத்தில் எழுதி உலகச் சந்தைக்கு அனுப்பவில்லை. தம் மக்களுக்குத் தம் மொழியில் எழுதினார். உலகம் அதனைத் தேடிவந்து மொழிபெயர்த்துக்கொண்டது. 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம் உள்ளிட்ட மொழிகளில் கிடைக்கின்றது. தமிழில் இல்லை.

இதனால் விளையும் இழப்பு யாது? கதையின் பிற்பகுதியில் ஓரிடம். உள்ளம் நொறுங்கி நிற்கும் கச்சுவாவிடம் தேனம் பேச வேண்டும். அவன் தேரும் சொற்களைப் பொறுத்தே அவள் வாழ்வதும் மாய்வதும். ஒரு சொல் பிழைத்தால் ஓர் உயிர் போய்விடும். அவ்விடத்தில் தமிழிளைஞன், தன் தாய் தன்னோடு பேசாத ஒரு மொழியில், எச்சொல் ஆற்றும், எச்சொல் சுடும் என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். பல்மமூசாவில் அவன்முன் நின்ற அவ்விரு விடைகளும் அயன்மொழியிலேயே நின்றன. 'உடன்படேன்' என்று தன் மொழியில் சொல்லிப் பழகாத நா, உரிய பொழுதில் அதனைச் சொல்லுமா?

ஆகவே, கணினித்தொழில் கற்ற தமிழிளைஞர்க்கு ஒன்று கூறுவோம். விளையாட்டை விட்டொழியுங்கள் என்று யாம் சொல்லவில்லை. ஆடுங்கள், ஆடும்போது எண்ணுங்கள். அதனினும் மேலாக, ஆக்குங்கள். போர்க்கள வரைவு, இசை, ஓவியம், கதை, உரையாடல் ஆகிய அனைத்தும் வல்லார் நம்மிடையே இல்லாமலில்லை. அவர் கூடி உழைத்து, நம் மக்கள்முன் நம் வினாக்களை நம் மொழியில் வைக்கட்டும். அவ்வினாக்களுள் முதலாவது இதுவாக இருக்கட்டும்: உன் இனத்தின் பெயரால் உன் மக்களையே கொல்லச் சொன்னால், நீ என்ன விடை சொல்வாய்?

அவ்வினாவுக்குத் தமிழன் தமிழில் தரும் விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். மக்கள் காய்கள் அல்லர்.