ஐஸை எண்ணிய பிறகு முள்ளை எண்ணுங்கள்

கேள்வி: ‘‘எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மிளகாய் போடுகிறோம். என் கணவர் இழுவைப் படகில் கூலிக்குப் போகிறவர். இப்போது அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து, தங்கு கடலுக்குப் போய்ச் சூரை பிடிக்கப் போவதாகச் சொல்கிறார்கள். படகு ஒருவருடையது. தூண்டில் செலவு மற்ற மூவருடையது. ஆயிரம் முள் எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார் கடைக்காரர். என் நகையை அடகு வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும். எந்தத் தூண்டில் வாங்குவது, எவ்வளவு வாங்குவது?’’

- ராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று பார்க்காமல் ஐந்து ஏக்கருக்கு நாற்று விட்டால் என்ன ஆகும் என்பது விவசாயக் குடும்பத்துக்குத் தெரியும். ஆயிரங்கால் தூண்டிலிலும் கணக்கு அதுதான். இங்கே கிணற்றுத் தண்ணீரின் இடத்தில் இருப்பவை இரண்டு: படகில் ஏற்றும் ஐஸ், படகில் போகும் ஆட்களின் தூக்கம். முள்ளின் எண்ணிக்கையை இவை இரண்டும்தான் தீர்மானிக்க வேண்டும், கடைக்காரர் அல்ல.

ஆயிரம் முள்ளா, முந்நூறா?

சூரைக்கான ஆயிரங்கால் தூண்டில் என்பது ஒரே நீளமான தாய்க்கயிறு. அதில் மிதவைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். இரண்டு மிதவைகளுக்கு நடுவே கிளைக்கயிறுகள் தொங்கும். ஒவ்வொரு கிளைக்கயிற்றின் நுனியிலும் ஒரு முள். மிதவைக்கு மிதவை 7 முள், ஒவ்வோர் இடைவெளிக்கும் 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்.

300 முள்ளுக்குத் தாய்க்கயிறு சுமார் 14 கிலோமீட்டர். படகு மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் போனால், விடுவதற்கு ஒன்றேகால் மணி நேரம். ஒரு முள்ளுக்கு அரை நிமிடம் என்றால், இழுப்பதற்கு இரண்டரை மணி நேரம். நடுவே ஐந்து மணி நேரம் கடலில் கிடக்கட்டும். மொத்தம் 9 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

1,000 முள்ளுக்குத் தாய்க்கயிறு சுமார் 46 கிலோமீட்டர். விட 4 மணி நேரம், கிடக்க 5 மணி நேரம், இழுக்க 8 மணி நேரத்துக்கு மேல். மொத்தம் 17 மணி நேரம். சிக்கல் விழாமல், மீன் ஏறாமல் இருந்தாலே இவ்வளவு. மீன் ஏறினால் இன்னும் கூடும். அதன் பிறகு மீனைச் சுத்தம் செய்து ஐஸில் அடுக்க வேண்டும். அடுத்த நாள் தூண்டில் விடுகிறவன் தூங்காதவனாகத்தான் இருப்பான்.

இரைக்கும் கணக்குப் போட வேண்டும். ஒரு முள்ளுக்கு 100 கிராம் கணவாயோ அயிலையோ என்றால், பத்து நாள் பயணத்தில் ஏழு முறை விடுவதற்கு 300 முள்ளுக்கு 210 கிலோ போதும். 1,000 முள்ளுக்கு 700 கிலோ வேண்டும். அந்த இரைக்கும் ஐஸ் வேண்டும். பிடித்த மீனுக்குக் குறைந்தது அதன் எடைக்குச் சம எடை ஐஸ் வேண்டும். நாள் கூடக் கூட உருகுவதற்கும் சேர்த்து ஏற்ற வேண்டும். இரைக்கு ஒதுக்கும் இடம் மீனுக்கான இடத்தில்தான் குறையும்.

ஆகவே, புதிதாக இறங்கும் நான்கு பேருக்கு முதல் பருவத்தில் 300 முள் போதும். கை பழகி, ஐஸ் மிஞ்சிக் கரை திரும்புகிற நிலை வந்தால் அடுத்த பருவத்தில் 200 கூட்டிக்கொள்ளலாம். நகை முழுவதையும் முதல் நாளே அடகுக் கடையில் வைக்க வேண்டிய தேவை இல்லை.

நரம்பை எடைபோட்டு வாங்குங்கள்

தாய்க்கயிற்றுக்கு 3 முதல் 3.5 மி.மீ. கனமுள்ள ஒற்றை இழை நைலான் நரம்பும், கிளைக்கயிற்றுக்கு 1.8 முதல் 2 மி.மீ. நரம்பும் பொருத்தம். நைலான் தண்ணீரில் மூழ்கும். இந்த வேலைக்கு அதுதான் வேண்டும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். அதை மலிவு என்று தாய்க்கயிறாக வாங்கிவிடக் கூடாது.

சுருளில் எழுதியிருக்கும் கனத்தை அப்படியே நம்ப வேண்டாம். நைலானின் அடர்த்தியை வைத்துச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. 100 மீட்டர் நரம்பு 3 மி.மீ. கனமானால் சுமார் 805 கிராம் இருக்கும். 2 மி.மீ. ஆனால் சுமார் 360 கிராம். 1.8 மி.மீ. ஆனால் சுமார் 290 கிராம். 2 மி.மீ. என்று சொல்லி 1.8 மி.மீ. நரம்பைக் கொடுத்தால், பலம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். பெரிய சூரை ஏறும் நாளில்தான் அது தெரியவரும். மளிகைக் கடைத் தராசே இந்தச் சோதனைக்குப் போதும்.

வெயில் நைலானுக்கு எதிரி. கரையில் கிடக்கும் நாட்களில் சுருளைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும்.

அறுவது நரம்பு அல்ல, இணைப்பு

பெரிய மீன் தப்பும் இடம் பெரும்பாலும் முடிச்சுதான். தடித்த நைலானில் முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் பலம் வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் ஆழ்கடல் படகுகளில் முடிச்சுக்குப் பதிலாக உலோக ஸ்லீவ் வைத்து நசுக்குகிறார்கள். இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்லீவின் துளை நரம்பின் கனத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். சாதாரணக் குறடு கூடாது. அதற்கென்று உள்ள கிரிம்பிங் கருவியால்தான் நசுக்க வேண்டும். ஸ்லீவின் இரண்டு ஓரங்களையும் நசுக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓரமே நரம்பை வெட்டிவிடும். நரம்பின் நுனியை லேசாகச் சூடுகாட்டி மொட்டு போலாக்கினால் நழுவாது.

ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் முள்ளுக்கு மேலே உள்ள இரண்டு மீட்டர் நரம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்புத் தட்டினால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டும். சில ரூபாய் நரம்புக்குப் பார்த்தால் 40 கிலோ மீன் போகும்.

எந்த முள்?

ஜே வடிவ முள்ளை மீன் விழுங்கிவிடும். அது குடலில் குத்தும். வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். வாயில் மாட்டிய மீன் உயிரோடு மேலே வர வாய்ப்பு அதிகம். உயிரோடு வந்த சூரைக்கும், முள்ளிலேயே செத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிக்கிடந்த சூரைக்கும் ஏலத்தில் ஒரே விலை கிடைக்காது. வட்ட முள்ளில் ஆமைக்கு ஏற்படும் ஆபத்தும் குறைவு. கடல் ஆமைகளும் திமிங்கிலச் சுறாவும் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மாட்டினால் படகில் ஏற்றாமல், முள்ளுக்கு மிக அருகில் நரம்பை வெட்டி விட்டுவிட வேண்டும்.

மஞ்சள் துடுப்புச் சூரை கடலின் மேல் அடுக்குகளில் அதிகம் திரியும். அதற்கு மிதவைக்கு மிதவை 5 முதல் 7 முள் போதும். முள் கூடக் கூடத் தாய்க்கயிறு தொய்ந்து ஆழத்துக்குப் போகும். பகலில் 200 மீட்டருக்கும் கீழே திரியும் பெருங்கண் சூரையைத் தேடுகிறவர்களுக்கான முறை அது.

மீனுக்குச் செய்ய வேண்டியது

போராடிய சூரையின் உடல் சூடாக இருக்கும். மேலே ஏறியதும் மூளையில் குத்தி அடக்கி, ரத்தத்தை வடித்து, செவுளையும் குடலையும் நீக்கி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணித்து அடுக்க வேண்டும். சூட்டில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. அது சமைத்தாலும் அழியாது. தின்றவருக்கு ஒவ்வாமை போலத் தடிப்பும் தலைவலியும் வரும். அந்த மீனை ஏற்றுமதிக்காரர் தொடமாட்டார்.

வீட்டார் கேட்க வேண்டிய கேள்விகள்

இழுபட்டு நிற்கும் நரம்பு அறுந்தாலோ முள் கழன்றாலோ, ஈயம் வைத்த ஸ்விவல் துப்பாக்கிக் குண்டு போலத் திரும்பிப் பாயும். கண் போனவர்கள் உண்டு. நரம்பின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. நரம்பைக் கையில் சுற்றிப் பிடிக்கவே கூடாது. தூண்டில் விடும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கத்தியும், முள்ளை வெட்டும் கட்டிங் பிளேயரும் தொங்க வேண்டும். கிளம்பும் முன் எல்லோரும் டி.டி. ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் பல ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை அவற்றை எட்டவில்லை. ஆழ்கடலில் செல்போன் எடுக்காது. வி.எச்.எஃப். கருவியும் அருகில் உள்ள படகுகளை மட்டுமே எட்டும். அதனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வரும் கருவி படகில் இருக்கிறதா, வேலை செய்கிறதா, ஆளுக்கு ஒரு உயிர்காப்பு மிதவை அங்கி இருக்கிறதா என்று வீட்டார் கேட்க வேண்டும். கரையிலிருந்து உதவி கேட்கக் கடலோரக் காவல்படையின் எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறையின் எண் 1093.

பணம் போடும் முன்பு

பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்த கடல். சூரைக்கு அங்கிருந்து வெளியேறி வெகுதூரம் போக வேண்டும். எனவே படகின் ஐஸ் பெட்டியும் என்ஜினும் அதற்குத் தாங்குமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைப் படகு வாங்க, பாக் நீரிணை மாவட்டங்களுக்கு 2017-ல் ஒரு திட்டம் வந்தது. தொடக்கத்தில் படகு விலை 80 லட்சம் ரூபாய். அதில் மத்திய அரசு 50, மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10 சதவிகிதம். இப்போதைய தொகையையும் விதிகளையும், சூரைத் தூண்டில் பயிற்சி எங்கே நடக்கிறது என்பதையும் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்கள் இந்தத் தூண்டில் தொழிலில் பேர் பெற்றவர்கள். நால்வரில் ஒருவராவது அந்தப் படகுகளில் ஒரு பயணம் கூலிக்குப் போய் வருவது நல்லது. கடையில் சொல்லித் தராததை அந்தப் பயணம் சொல்லித் தரும், கூலியும் கிடைக்கும்.

அதற்குப் பிறகு வாங்க வேண்டிய வரிசை இது: பாதுகாப்புக் கருவிகள், ஐஸ் பெட்டி பழுதுபார்ப்பு, கிரிம்பிங் கருவி, 300 முள்ளுக்கான நரம்பு, நான்கில் ஒரு பங்கு உபரி முள்ளும் ஸ்லீவும், கடைசியில் மிதவைகள். செலவைப் பங்கு போடுவதைப் போலவே, தூண்டில் கடலோடு போய்விட்டால் நஷ்டம் யாருக்கு எவ்வளவு என்பதையும் நால்வரும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். படகுக்காரரின் கையெழுத்து அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தத் தாள் வீட்டுக்கு வந்த பிறகு நகையை எடுத்துக் கொடுங்கள்.