துருப்பிடிக்காத கப்பலைத் துரு தின்ற கதை

1915-ல் அமெரிக்காவில் ஓர் உல்லாசப் பாய்மரக் கப்பல் தயாரானது. பெயர் ‘ஸீ கால்’. நீளம் 214 அடி. சொந்தக்காரர் அலெக்சாண்டர் ஸ்மித் காக்ரன், கம்பளத் தொழிலில் கொழித்த குடும்பத்தின் வாரிசு. கப்பலின் வெளித்தகடு முழுக்க மோனல். உப்புத் தண்ணீர் ஒன்றும் செய்ய முடியாத உலோகம். விலை இரும்பைவிட எவ்வளவோ அதிகம். அதனால் என்ன, காக்ரனிடம் பணத்துக்கா பஞ்சம்!

தண்ணீரில் இறக்கிய சில வாரங்களிலேயே கப்பல் உளுத்துப்போனது.

மோனல் பிறந்த கதையே சுவாரஸ்யமானது. கனடாவின் சட்பரி சுரங்கங்களில் கிடைக்கும் தாதுவில் நிக்கலும் செம்பும் சேர்ந்தே இருக்கும். இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. பிரிக்காமல் அப்படியே உருக்கினால் என்ன என்று 1905-ல் யோசித்தார் ராபர்ட் ஸ்டான்லி என்ற பொறியாளர். ஏறக்குறைய இரண்டு பங்கு நிக்கல், ஒரு பங்கு செம்பு. எஃகுபோல உறுதி, கடல்நீருக்கு அசராத குணம். கம்பெனித் தலைவர் அம்புரோஸ் மோனெலின் பெயரை அதற்கு வைத்தார்கள். குடும்பப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிய முடியாததால், ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’ எழுத்தைக் கழித்துவிட்டார்கள்.

அப்புறம் ‘ஸீ கால்’ ஏன் செத்தது? தோல்தான் மோனல். உள்ளே எலும்பாக நின்ற சட்டங்கள் எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நின்றால், அது ஒரு பேட்டரி. மின்சாரம் ஓடும், இரண்டில் இளைத்தது கரையும். இங்கே இளைத்தது எஃகு. மோனலின் பரப்பு பெரிது, எஃகின் பரப்பு சிறிது என்பதால் கரைவதும் படுவேகம். வெறும் இரும்புக் கப்பலாக இருந்திருந்தால் பல வருடம் ஓடியிருக்கும். கடைசியில் அதை உடைத்துப்போட வேண்டியதாயிற்று.

வீட்டில் ஜி.ஐ. பைப்பில் பித்தளைக் குழாயைத் திருகியிருந்தால், மரை இருக்கும் இடத்தில் மட்டும் முதலில் துரு கட்டுவதும் இதே சங்கதிதான்.

மோனலின் மவுசு இதனால் குறைந்துவிடவில்லை. கப்பலின் புரொபெல்லர் தண்டு, கடல்நீர் பம்பு, வால்வு என்று இன்றும் அதற்கு வேலை இருக்கிறது. கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைக்கூட அது தாங்கும். ஆனால் நைட்ரிக் அமிலத்திடம் தோற்றுப்போகும். மூக்குக்கண்ணாடி பிரேம்களிலும் மோனல் உண்டு. பிரேம் படும் இடத்தில் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வந்தால், அதிலுள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம்.

இப்போதெல்லாம் கப்பலின் அடிப்பகுதியில், புரொபெல்லர் அருகே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். எஃகைவிட இளைத்தது துத்தநாகம். எஃகுக்குப் பதில் அது கரையும். தேய்ந்துபோனால், கப்பல் கரைக்கு வரும்போது கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவார்கள்.