களைக்கருவி மாறினால் முழங்கால் பிழைக்கும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய விவசாயியிடம் பயிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பத்தாவது நிமிடத்தில் பேச்சு முழங்காலுக்கு வந்துவிடும். மாந்தோப்புக்காரருக்குக் காய்க்கூடையுடன் மலையடிவாரச் சரிவில் இறங்கும்போது வலி. பருத்திக்குக் களை எடுக்கும் பெண்களுக்குக் குத்துக்காலிட்டு எழும்போது வலி. பால்கோவா ஊருக்குப் பால் கறந்து ஊற்றுபவர்களுக்கோ விடியற்காலையிலேயே வலி. "வயசாயிட்டா அப்படித்தான்" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். வயதை மாற்ற முடியாது. உட்காரும் விதத்தையும் கையில் பிடிக்கும் கருவியையும் மாற்றலாம். இது மருத்துவருக்கு மட்டுமல்ல, வேளாண்மைத் துறைக்கும் உள்ள வேலை என்பது என் கருத்து.

குத்துக்காலிடும்போது முழங்கால் முழுவதுமாக மடிகிறது. முன்பக்கச் சில்லு தொடை எலும்பின் மீது பலமாக அழுந்துகிறது. தேய்மானம் தொடங்கிய மூட்டில், அதே நிலையில் நகர்ந்து நகர்ந்து நாள் முழுக்கக் களை எடுத்தால் இரவில் வீங்கத்தானே செய்யும்? மாத்திரை வலியைத்தான் அடக்கும், அந்த அழுத்தத்தைக் குறைக்காது. டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தினமும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் உழைப்பவருக்குச் சிறுநீரகமும் கெடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது. பெயர் இல்லாத பொட்டலத்தில் விற்கும் பொடி இன்னும் மோசம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முடவாட்டுக்கால் சூப்பா? ருசிக்காகக் குடியுங்கள். தேய்ந்த மூட்டை அது வளர்த்துவிடும் என்று நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

"இனிமே காட்டுக்குப் போகாதே, படுத்துக்கோ" என்று பிள்ளைகள் சொல்வதும் சரியல்ல. படுத்தால் தொடைத் தசை இளைக்கும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தசைதான். திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை, முடிந்த அளவு. ஆறு வாரமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். சைக்கிள் இருந்தால் துடைத்து எடுங்கள். முழங்காலுக்கு அது நல்ல வண்டி. வேலைக்குப் பின் வந்த வலி மறுநாள் காலைக்குள் தணிந்தால் பயமில்லை. வீக்கம் நின்றால் வேலையைப் பாதியாக்குங்கள்.

உடல் எடையும் கணக்கில் வரும். அமெரிக்காவில் 142 பேரை வைத்துச் செய்து 2005-ல் வெளியான ஆய்வு, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைவதாகக் காட்டியது.

இனி கருவிக்கு வருவோம். நெல்லைத் திருந்திய முறையில் 25 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நட்டால், பத்தாம் நாளிலிருந்து கோனோ வீடரை நின்றுகொண்டே ஓட்டலாம். பருத்தி, மக்காச்சோளத்துக்குச் சக்கரக் களைக்கருவி அல்லது நீண்ட கைப்பிடிக் களைக்கொத்தி போதும். கரிசலில் ஈரம் காய்ந்து இறுகிவிட்டால் சக்கரக் கருவி நகராது என்று பெண்கள் சொல்வது உண்மைதான். மழைக்குப் பின் பதம் பார்த்து இறங்க வேண்டும். செடியை ஒட்டிய களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். அப்படியிருந்தும் குத்துக்காலிடும் நேரம் வெகுவாகக் குறையும்.

பால் கறக்க ஒரு முக்காலி போதும். "மாடு உதைச்சா சட்டுனு எந்திரிக்க முடியாதே" என்பார்கள். உதைக்கும் மாட்டுக்குப் பின்னங்காலைக் கட்டுங்கள். சாதுவான மாடு சில நாளில் முக்காலிக்குப் பழகிவிடும். மாங்காய்க் கூடையைச் சரிவில் இறக்கும்போது பாதிச் சுமையாக இரண்டு நடை வாருங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டைப் படுத்தும்.

பவர் வீடருக்கு வேளாண் பொறியியல் துறை வழியாகச் சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கு மானியம் உண்டு. ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்கிறார். குத்துக்காலிட்டுக் களை எடுப்பவரோ கூலிக்கு வரும் பெண். அவர் கைக்கு ஒரு களைக்கொத்தியாவது போக வேண்டாமா? நிலக்காரர்களே, நான்கு நீண்ட கைப்பிடிக் கருவிகளை வாங்கித் தோட்டத்தில் வையுங்கள். மருந்து தெளிப்பவருக்கு முகக்கவசம் பற்றிப் பாடம் எடுக்கும் விரிவாக்கப் பணியாளர்கள், அட்மா பயிற்சியில் களை எடுப்பவரின் முழங்காலுக்கும் அரை மணி ஒதுக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் சர்க்கரை மாத்திரையோடு இதையும் கேளுங்கள். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது காப்பீட்டு அட்டையும், இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளும் பையில் இருக்கட்டும்.